கடைப்பலகை

மில்லுக் கம்பெனி கட்டின லைன் வீடு நாற்பது. எல்லாம் ஒரே அளவு, ஒரே ஓடு, ஒரே பச்சைக் கதவு. தெருக்கோடியில் கம்பெனிக் கடை. பார்க்கிறவர்கள், "ஆகா, தொழிலாளிக்கு எவ்வளவு செஞ்சிருக்கான்!" என்பார்கள். செய்தான், செய்தான்! வீடு ஆம்பிளை பேருக்குத்தான் என்று ஒரு சட்டமும் சேர்த்துச் செய்தான்.

தனக்கொடி அதே மில்லில் பதினோரு வருஷமாக நூல் சுற்றுகிறாள். புருஷன் ராமலிங்கம் பஞ்சுத்தூசி தின்ற நெஞ்சோடு இருமி இருமிப் போய்ச் சேர்ந்து மூன்று மாதம். "ஆம்பிளை இல்லாத வீட்டைக் காலி பண்ணு" என்று மானேஜர் இரண்டு தடவை ஆள் விட்டார். வெள்ளைக்காரத் துரை கப்பலேறி இரண்டு வருஷமாச்சு. அந்த நாற்காலியில் இப்போது நம்மாள்தான். சட்டம் மட்டும் ஊருக்குப் போகவில்லை.

"பொண்ணு தலைப்பிரசவத்துக்குக் கருவடிக்குப்பத்துலேருந்து வந்திருக்கா. பெத்துப் பொழைக்கட்டும், போயிடறோம்" என்று தனக்கொடி கெஞ்சிப் பார்த்தாள்.

அன்று பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தால் வாசலில் கதவு இல்லை. மானேஜர் ஆட்கள் கீலோடு கழற்றிக்கொண்டு போய்விட்டான்கள். உள்ளே மகள் ராஜாம்பாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். வலி கண்டுவிட்டது.

"அம்மா, போறவன் வர்றவன்லாம் பாக்குறான்மா" என்று அழுதாள்.

"கதவைக் கம்பெனிக் கடைக்குத்தான் தூக்கிட்டுப் போனானுங்க" என்றாள் பக்கத்து வீட்டு வீராயி. தனக்கொடி அவளை மகளோடு உட்காரவைத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் தெய்வசிகாமணி மதியத் தூக்கத்துக்குக் கடை சாத்துகிற நேரம். சுவரில் சாய்த்திருந்த பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செருகினால்தான் அந்தக் கடையைச் சாத்த முடியும். உள்ளே அரிசி மூட்டைக்குப் பின்னால் அவள் வீட்டுக் கதவு நின்றது.

"கதவைக் குடுய்யா. பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு."

"மானேஜர் உத்தரவும்மா. வலின்னா ஆஸ்பத்திரிக்குப் போ."

அடப்பாவி! தனக்கொடி பலகையில் இரண்டைத் தூக்கித் தோளில் வைத்தாள்.

"ஏய், அது கம்பெனிச் சொத்து!"

"எம்புருஷன் நெஞ்சுந்தான் கம்பெனிச் சொத்தா இருந்துச்சு. தின்னு தீத்தீங்களே!"

அரிசிக்கு நின்ற பொம்பளைகள் பையைக் கீழே போட்டார்கள். ஆளுக்கொரு பலகை. தெய்வசிகாமணி கத்தக் கத்த, பத்துப் பலகையும் தெருவில் நடந்தது. தனக்கொடி வீட்டு வாசலில் வரிசையாக நிறுத்திக் கயிற்றால் இறுக்கினார்கள். ஒரு கண் நுழைய இடமில்லை.

மூன்று மணிக்குப் பிள்ளை பிறந்தது. பொட்டைப் பிள்ளை.

நாலு மணிக்கு மானேஜரே வந்துவிட்டார். கடை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது, ராத்திரிக் காவலுக்கு ஆள் இல்லை. பின்னால் இரண்டு பேர் பச்சைக் கதவைச் சுமந்து நின்றார்கள்.

"இந்தாம்மா, கதவு. வீட்டையும் உன் பேருக்கே எழுதித் தர்றேன். பலகையை எடுத்துக்கறோம்."

பலகை இடுக்கு வழியாகத் தனக்கொடியின் குரல் வந்தது.

"எழுதி எடுத்துட்டு வாங்க. பலகையை மட்டும் தொட்டுடாதீங்க. இது பிள்ளை பெத்த வீடு, தீட்டு. பதினோரு நாள் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் எங்க வீட்டுக் கதவை உங்க கடைக்கு மாட்டிக்கங்க."