ஊட்ல கேட்டுப் பாருங்க

காலை ஐந்தேகாலுக்குச் சலவை மிஷினின் முதல் டிரம் சுற்றி நின்றது. சகாயம்மாள் அதன் கதவைத் திறந்ததும் சலவைச் சோடாவும் பிளீச்சிங்கும் கலந்த ஆவி முகத்தில் அறைந்தது. உள்ளே ஆஸ்பத்திரி விரிப்புகள் ஒன்றோடொன்று முறுக்கிப் பின்னிக் கிடந்தன. ஒரு நுனியை இரண்டு கையாலும் பற்றி, வலது காலை மிஷின் அடியில் முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்து இழுத்தாள். இழுத்ததும் அடிவயிற்றில் ஏதோ நழுவிக் கீழே இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்த லாண்டரியில் பதிமூன்று பெண்கள். பொங்கல் வரைக்கும் ஒரு டிரம்முக்கு இரண்டு பேர் நின்றார்கள். அதற்குப் பிறகு முதலாளி எத்திராஜ், ஒருத்தியே போதும் என்று சொல்லிவிட்டார். கக்கூஸ் சாவி சூப்பர்வைசர் ஜெகதீஷின் மேஜையில் தொங்கியது. ஷிப்டுக்கு இரண்டு தடவைதான் தருவான்.

சகாயம்மாளுக்கு நாற்பத்து நாலு வயது. இரண்டாவது மகன் ஆன்டோ பிறந்ததிலிருந்தே உடம்பு இப்படித்தான். அதிக நேரம் நின்றால் பந்து போல ஒன்று வெளியே வந்து இடிக்கும். இருமினால், தும்மினால் மூத்திரம் கசியும். பாவாடைக்குள் துணியை நாலாக மடித்து ஊக்கு குத்திக்கொண்டுதான் வேலைக்கு வருவாள். கொரட்டூர் சர்ச்சில் பூசைக்குப் போனால் கதவோரக் கடைசி பெஞ்சில் உட்காருவாள். பக்கத்தில் படுக்கும் புருஷன் ஜேசுராஜிடம்கூட மூட்டு வலி என்றே சொல்லி வைத்திருந்தாள்.

அன்று மூன்றாவது டிரம்மை இழுக்கும்போது நெடி தொண்டையில் ஏறி இருமல் வந்தது. அடக்க முடியவில்லை. கால் வழியே வழிந்து தரையில் தேங்கியது. துணி மூட்டை ஏற்ற வந்த ஆண்கள் நாலு பேர் பார்த்தார்கள்.

"இன்னாம்மா இது, இன்னும் பால் மறக்கலியா?" என்றான் ஜெகதீஷ். அவளையே துடைக்கச் சொன்னான். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் விடிகாலையில் அவள் டிரம்மின் கைப்பிடியில் ஒரு கைக்குழந்தை டயாப்பர் பாக்கெட் தொங்கியது. "பாப்பாவுக்கு வாங்கினேன்," என்றான். ஆண்கள் சிரித்தார்கள். முதலாளி கண்ணாடி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்குள் முள்ளாகத் தைத்து நின்றது. சோறு பிசையும்போதும் அதுதான் காதில் கேட்டது. இரண்டு பேரையும் தலைகுனிய வைக்காமல் செத்துப்போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை சுவரில் தாள் ஒட்டினார்கள். சனிக்கிழமை டாக்டர் வருவார். உடம்பு தகுதி இல்லாதவர்கள் வேலையிலிருந்து நின்றுகொள்ளலாம். தன்னை விரட்டத்தான் இந்த ஏற்பாடு என்று அவளுக்குப் புரிந்தது.

வாரா வாரம் வியாழக்கிழமை முதலாளி வீட்டுத் துணிகள் நீலப் பையில் வரும். அன்று யாரும் இல்லாத நேரம் பார்த்து, கெட்டிப் பிளீச்சிங் ஒரு மக் நிறைய எடுத்துக்கொண்டு சகாயம்மாள் அந்தப் பையை அவிழ்த்தாள். மேலே அவருடைய நீலச் சட்டைகள், விலை உயர்ந்தவை. சாயம் போக ஊற்றலாம் என்று விரித்தபோது அடியிலிருந்து ஒரு பாவாடை சரிந்து விழுந்தது. உள்பக்கம் நாலாக மடித்த துணி. இரண்டு ஊக்கு. கழற்ற மறந்திருந்தார்கள். அவளுக்குப் பழக்கமான அதே வாடை.

அடுத்ததையும் எடுத்துப் பார்த்தாள். அதிலும் அப்படியே மடித்த துணி.

முதலாளியின் பெண்டாட்டி, ஏசி அறையில் படுக்கிறவள், காரில் போகிறவள், அவளும் ஊக்கு குத்திக்கொண்டுதான் நடமாடுகிறாள். மக்கைக் கீழே வைத்தாள். கோபம் தணியவில்லை, இன்னும் ஏறியது. ஒரே கூரைக்கு அடியில் இருந்துகொண்டு பெண்டாட்டி படும் பாடு தெரியாதவன்தான் அன்றைக்குக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று சிரித்தான். ஊக்குகளைக் கழற்றி, அந்தப் பாவாடைகளைத் தன் கையாலேயே அலசிப் போட்டாள். யாரிடமும் காட்டவில்லை.

மத்தியானம் கூட உட்கார்ந்த பெண்களிடம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே சொன்னாள்: "எனக்கு அடி எறங்கிப் போச்சு. பதினாலு வருசமா கீது. இனிமே மறைக்கப் போறதில்ல."

பருத்திப்பட்டிலிருந்து வரும் அகல்யா, இருபத்தாறு வயசுக்காரி, தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்குத் தும்முனா போதும்க்கா. அதுக்குப் பயந்துகினு தண்ணியே குடிக்கறதில்ல."

"நான் கையால உள்ள தள்ளிக்கினுதான் காலைல பஸ் ஏர்றேன்," என்றாள் கமலம். அவளோடு பதினோரு வருஷம் பக்கத்தில் நின்று வேலை செய்த சகாயம்மாளுக்கு அது தெரியாது.

சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் ஒன்பது பேர் சொல்லிவிட்டார்கள்.

"டாக்டர்கிட்ட மட்டும் வாணாம்க்கா. வேலை பூடும்," என்றாள் அகல்யா.

"ஒருத்தி சொன்னா அவ வேலை பூடும். ஒம்போது பேரும் சொன்னா? டிரம்மைத் தொறக்க அவனுக்கு ஆளு யாரு?" என்றாள் சகாயம்மாள்.

சனிக்கிழமை வந்த டாக்டர் நிவேதிதா சின்ன வயசு. முதல் நாலு பேரைப் பார்த்ததுமே பேனாவை மூடி வைத்தாள். "கர்ப்பப்பை இறங்குறது அபூர்வமான நோய் இல்லம்மா. பிள்ளை பெத்தவங்கள்ல எத்தனையோ பேருக்கு இருக்கு. வெட்கப்பட்டு யாரும் சொல்றதில்ல. பயிற்சி இருக்கு, உள்ளே வைக்கிற வளையம் இருக்கு, முத்திப்போனா ஆபரேஷன் இருக்கு. ஆனா இந்தப் பாரத்தை இழுத்துட்டு, மூத்திரத்தையும் அடக்கிட்டு இருந்தா என்ன செஞ்சும் பிரயோஜனம் இல்ல."

அதையே எழுதினாள். ஒன்பது பேருக்குச் சிகிச்சை வேண்டும், டிரம்முக்கு இரண்டு பேர் வேண்டும், கழிப்பறையைப் பூட்டக் கூடாது. "என்னை அனுப்பினவருக்கு இது பிடிக்காது," என்று சொல்லி ஆளுக்கொரு நகல் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை எத்திராஜ் அந்தத் தாளை நாலாகக் கிழித்தார்.

பெண்கள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். ஆறு டிரம்மும் சுற்றி நின்றன. ஒருத்தியும் கதவைத் தொடவில்லை. பதிமூன்று பேரும் ஈரத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"பத்து மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் துணி போகணும். எழுந்திருங்க!" என்று கத்தினார் எத்திராஜ்.

"ரெண்டு ரெண்டு பேராப் போடுங்க. சாவிய எடுத்துடுங்க. ஒருத்தியையும் நிறுத்தக் கூடாது," என்றாள் சகாயம்மாள். "டயாப்பர் தொங்கவுட்டவன் எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கணும்."

"ஜெகதீஷ், நீ இழு. இவங்க இல்லாம நடக்காதா?"

ஜெகதீஷ் சட்டைக் கையை மடித்துவிட்டு இழுத்தான். துணி அசையவில்லை. காலை ஊன்றி மறுபடி இழுத்தான். முறுக்கு பாதியில் விட்டது. ஈரத்தில் சறுக்கி மல்லாந்து விழுந்தான், நெஞ்சின் மேல் பச்சை விரிப்புகள். சகாயம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை நாள் சேர்த்து வைத்த சிரிப்பு. பன்னிரண்டு பேரும் கூடச் சேர்ந்தார்கள்.

எத்திராஜின் முகம் சிவந்தது. "எங்க வீட்டுப் பொம்பளைங்களும் பிள்ளை பெத்தவங்கதான். அவங்களுக்கெல்லாம் இந்த அசிங்கம் இல்ல. உங்களுக்கு மட்டும் எங்கிருந்துடி வருது?"

சகாயம்மாளின் நாக்கு நுனியில் இருந்தது அந்தச் சொல். நீலப் பை, ஊக்கு, எல்லாம். அதைச் சொன்னால் இந்த ஆள் இங்கேயே கூனிக் குறுகிப் போவான். ஆனால் ராத்திரி அதற்கு வாங்கிக் கட்டிக்கொள்வது இன்னொரு பெண்.

மெதுவாக எழுந்து அவர் கண்ணைப் பார்த்தாள்.

"ஊட்ல கேட்டுப் பாருங்க சார்."

எதுவோ ஞாபகம் வந்தவர்போல எத்திராஜ் பார்வையை விலக்கினார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பாதி பழி தீர்ந்தது என்று சகாயம்மாள் மறுபடி உட்கார்ந்தாள். மீதியையும் விடுவதாக இல்லை.

பதினோரு மணிக்கு ஆவடியிலிருந்து ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் ஒருவன், இவர்களுக்குப் பதிலாக ஷேர் வேனில் ஆறு பெண்களை அனுப்பினான். வாசலிலேயே நின்றார்கள். மூத்தவள், ராணி என்று பெயர், உள்ளே வந்து கேட்டாள்: "இன்னாக்கா பிரச்னை? ஒண்ணும் சொல்லாம இட்டாந்துட்டான்."

சகாயம்மாள் சொன்னாள். ஆண்கள் நிற்கிறார்களே என்று குரலைத் தாழ்த்தவில்லை. டாக்டர் எழுதிய தாளின் நகலைக் காட்டினாள். ராணி அதை நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து ஜெகதீஷ், "வாங்கம்மா, மிஷின் இந்தப் பக்கம்," என்று கூப்பிட்டான்.

ராணி திரும்பவில்லை. "இந்த வளையம்ன்றது, எந்த ஆஸ்பத்திரில வெப்பாங்கக்கா?"

பதிமூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். வாசலில் நின்றவர்களில் மூன்று பேர் செருப்பைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் வந்தார்கள். இரண்டு பேர் முடிவெடுக்காமல் நின்றார்கள்.

சகாயம்மாள் கமலத்தை நெருக்கிக்கொண்டு இடம் விட்டாள். "அங்க ஈரமா கீது. இப்படி வந்து குந்து, சொல்றேன்."