மாப்பிள்ளைக்கு வைத்த தாள்

"தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. இந்த முன்னுரை இல்லாமல் எந்த அவமானமும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. காபியை வாயருகே கொண்டுபோனவர் குடிக்காமலே கீழே வைத்தார். "பொண்ணுக்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துக் குடுத்துடுங்க. அந்த டெஸ்ட்தான். உங்களுக்குத் தெரியாததா?"

பொண்ணு என்றால் என் அக்கா. இதற்கு முன் வந்த இரண்டு இடங்களும் அம்மாவின் வேலையைக் கேட்டதும் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டன. இந்தப் பையனை அக்காவுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. இதுவும் போனால் அவள் என்ன ஆவாள்? ஐந்தாறு வருடம் கழித்து அதே நாற்காலியில் நான் என்ன ஆவேன்?

அம்மா ஆராய்ச்சியாளர். பிரசவத்துக்கு வரும் பெண்களுக்கு எச்.ஐ.வி. எப்படி வந்தது, குழந்தைக்குப் போகாமல் எப்படித் தடுப்பது என்று இருபது வருடமாகப் படிக்கிறார். அதற்காக அவருக்கு விருதுகூடக் கொடுத்தார்கள். அப்பா பெருமையாக ஹாலில் வைத்திருக்கிறார். விருந்தாளி வந்தால் மட்டும் ஒரு பூச்சாடி நகர்ந்து வந்து அதிலுள்ள எழுத்தை மறைத்துக்கொள்ளும். "என்ன வேலைன்னு கேட்டா ரத்த ஆராய்ச்சின்னு மட்டும் சொல்லு. ரத்தம்னா ஒரு மரியாதை இருக்கு" என்று அன்று காலையிலேயே அம்மாவுக்கு அப்பா பாடம் நடத்தியிருந்தார். பாவம் அப்பா, மாப்பிள்ளை வீட்டார் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டே வந்திருந்தார்கள்.

"அந்த மாதிரி ஆளுங்களோட இத்தன வருஷம் பழகியிருக்கீங்க. வீட்டுக்குள்ளயும் வந்திருக்கும்ல?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"பழகினா வராதுங்க. வர்ற வழியே வேற. சொல்லட்டுமா?" என்றார் அம்மா.

அப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா என்னைக் காட்டி, "சின்னப் பொண்ண வச்சுக்கிட்டு இதெல்லாம் எதுக்கும்மா?" என்றார். டெஸ்ட்டைப் பற்றிப் பேசும்போது நான் வளர்ந்தவள். வழியைப் பற்றிப் பேசும்போது சின்னப் பெண்.

அம்மா கோபப்படவில்லை. உள்ளே போய்த் தன் வேலைப் பையை எடுத்து வந்தார். "ஒத்துக்கறோம். ஆனா எங்க வேலையில ஒரு பழக்கம். சம்மதத் தாளப் படிச்சுக் காட்டாம யார் கையிலயும் ஊசி போட மாட்டோம்" என்றவர், ஆஸ்பத்திரியில் படிக்கும் அதே நிதானத்தோடு முழுத் தாளையும் படித்தார். வற்புறுத்தல் கூடாது, முடிவு ரகசியம், ரத்தக் குப்பியில் பெயர் கிடையாது, நம்பர்தான். படித்து முடித்து மேஜைமேல் இரண்டு தாள் வைத்தார். அக்காவுக்கு ஒன்று. மாப்பிள்ளைக்கு ஒன்று.

"ஆம்பளப் பையன்கிட்டயா கேக்கறீங்க?" மாப்பிள்ளையின் அப்பா எழுந்தே விட்டார். "எங்க குடும்பத்த என்னன்னு நினைச்சீங்க?"

"நீங்க எங்கள நினைச்ச மாதிரியேதான்."

அம்மாவின் நோட்டில் 'கணவருக்குப் பரிசோதனை' என்று ஒரு கட்டம் இருக்கும். பக்கம் பக்கமாக ஒரே பதில்: வரவில்லை. ஆண்களுக்கு ஆயிரம் வேலை. எங்கள் மாப்பிள்ளை வந்திருந்தார், அதுவரை முன்னேற்றம்தான்.

அக்கா பேனாவை எடுத்துத் தன் தாளில் கையெழுத்துப் போட்டாள். பிறகு பேனாவை அவர் பக்கம் நீட்டினாள். "நீங்க?"

இருபத்தொன்பது வயது, இன்ஜினியர், மூன்று வருடமாக மேனேஜர். "அப்பா என்ன சொல்றாரோ..." என்றார். அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

கிளம்பினார்கள். "என் வீட்டுக்காரி எப்பவும் அப்படித்தாங்க, விளையாட்டுக்குச் சொன்னா" என்று கெஞ்சிக்கொண்டே அப்பா வாசல்வரை ஓடினார்.

இரண்டு நிமிடத்தில் மாப்பிள்ளையின் அம்மா மட்டும் திரும்பி வந்தார். "கண்ணாடிய மறந்துட்டேன்." கண்ணாடிக்கூடு அவர் கையிலேயேதான் இருந்தது.

மேஜைமேல் கையெழுத்தில்லாமல் கிடந்த மகனின் தாளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அக்கா உள்ளே போயிருந்தாள்; நான் கதவுக்குப் பின்னால் நின்றது அவருக்குத் தெரியவில்லை.

"இதுக்குப் புருஷன் கையெழுத்து வேணுமா?" குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வேண்டாங்க. உங்க கையெழுத்து போதும்."

"பேரு நிஜமாவே எழுத மாட்டீங்கல்ல?"

"மாட்டோம்."

"அவரு பதினோரு வருஷம் வெளியூர் வேலையில இருந்தாரு. அங்க நடந்ததெல்லாம் அரசல்புரசலா காதுல விழுந்துச்சு. நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்ல. பயம்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை காலையில வாங்க. நானே இருப்பேன். எதுவா இருந்தாலும் மருந்து இருக்கு."

அவர் தாளை நாலாக, எட்டாக மடித்துக் கண்ணாடிக்கூட்டுக்குள் திணித்தார். வெளியே கார் ஹாரன் நீளமாக அலறியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றவர், காருக்குக் கேட்கிற மாதிரி திரும்பிச் சத்தமாகச் சொன்னார்:

"எதுக்கும் பொண்ணுக்கு மொதல்ல டெஸ்ட் எடுத்து வைங்க!"