பெட்டிக்கு ஒருநாள் ஓய்வு

விடிகாலையில் குப்புராஜ் வெளிச்சுவரில் இருந்த டைமர் பெட்டிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினான். "இன்னிக்கி நீயும் ரெஸ்ட் எடு நைனா" என்று அதை நிறுத்தினான். ஆயுத பூஜை. தாம்பரத்து ஆட்டோவெல்லாம் மாலை போட்டுக்கொண்டு சும்மா நிற்கும்போது பெட்டி மட்டும் உழைக்கலாமா? கதவைத் திறந்து பார்க்காமலே கிளம்பிவிட்டான். இரைதான் லீவுக்கும் சேர்த்து வைத்தாயிற்றே.

படப்பை ரோட்டில் அவன் வேலை பார்த்த அந்தச் சின்ன மிருகக்காட்சி சாலையில், ராத்திரிப் பிராணிகளுக்கென்று ஜன்னலில்லாத ஒரு கட்டடம். பகலில் தூங்குகிற தேவாங்குகளை ஜனங்கள் கம்பியைத் தட்டித் தட்டி எழுப்பிய காலம் போய், எண்பத்தேழில் இந்தப் பெட்டி வந்தது. காலையில் ட்யூப்லைட்டை அணைத்துச் சிவப்பு பல்பைப் போடும். சாயங்காலம் மாற்றிப் போடும். உள்ளே பகல் ராத்திரியாகும், ராத்திரி பகலாகும். தேவாங்குகள் ஏமாந்தன, நிம்மதியாக ஏமாந்தன. இந்த வருஷம் ஆவணியில் ஒன்று குட்டியே போட்டது.

செம்பாக்கத்தில் அவன் தெருவுக்கு அது போதாதா? ஒல்லி உடம்பும் முட்டைக் கண்ணுமாக இருக்கும் அவனுக்கே அங்கே தேவாங்கு என்றுதான் பேர். கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாகியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை. எதிர்வீட்டு எல்லம்மா விடுவாளா?

"இன்னாமே தனம், ஒன் வூட்டுக்காரு முட்டாய் குட்த்துகினு போறாரு? விசேசம் ஒனக்கா, தேவாங்குக்கா?"

தனம் சிரித்து வைத்தாள். ஆனால் குட்டிக்குப் பேபி என்று பேர் வைத்தது அவள்தான். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள்: "பேபி பால் குட்ச்சிச்சா?"

விஜயதசமியும் லீவு. மறுநாள் கதவைத் திறந்தவனுக்குக் கண் கூசியது. பூஜை போட்ட நேரத்தில் பெட்டி இன்னும் ட்யூப்லைட்டை அணைத்திருக்கவில்லை. அணைக்க வேண்டியதைத்தான் அவன் நிறுத்திவிட்டுப் போயிருந்தான். இரண்டு நாளும் உள்ளே ஒரே பகல். தாய், கிளை மூலையில் முகத்தைக் கைக்குள் புதைத்துச் சுருண்டிருந்தது. கிண்ணத்து இரை வைத்தபடி இருந்தது. இறங்கித் தின்னாத உடம்பில் பால் எங்கே ஊறும்? பேபி கீழே மணலில் விறைத்துக் கிடந்தது, ஒரு பீடிக்கட்டு அளவுக்கு.

பெட்டியை ஓடவிட்டான். சிவப்பு வெளிச்சத்தில் தாய் மெல்ல இறங்கி வந்து, குட்டியை வழக்கமாக விட்டுப்போகும் கிளையைத் தடவியது. மேலே போனது. திரும்ப வந்து தடவியது. கம்பிக்கு வெளியே குப்புராஜ் உட்கார்ந்தே இருந்தான்.

செம்பாக்கத்தில் தனம் விளக்கேற்றிவிட்டு வாசலுக்கு வருகிற நேரம். குங்குமப் பொட்டோடு பெட்டி டிக்கென்றது. உள்ளே விடிந்தது.