ஜீப்புக்கு முன்னால் ஒரு ஆள்

வளன் டயர்களில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தான். வால்வில் குச்சியை வைத்து அழுத்தினால் காற்று பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வந்தது. தேரியில், அந்தச் செம்மணல் மேடுகளில், ஏறுகிற வண்டிக்கு டயர் தளர்ந்து பரந்து கிடக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் நாலு சக்கரமும் ஆளுக்கொரு குழி தோண்டி அதிலேயே உட்கார்ந்துகொள்ளும். சாத்தான்குளம் ரோடு அவனுக்குப் பின்னால் எங்கோ போய்விட்டது. முன்னால் சிவப்பு. மேடும் சிவப்பு, பள்ளமும் சிவப்பு, ஆனிக் காற்று வாரியடித்ததில் மத்தியான வானமும் சிவப்பு. அந்த இடத்தில் கால் மணி நேரம் வாயைத் திறந்து நின்றால் வெற்றிலை போடாமலே பல் சிவந்துவிடும்.

ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட ஜீப் அது. பர்மாச் சண்டைக்குப் போய் வந்தது என்று சொல்வார்கள். எந்தப் பக்கம் ஜெயித்தது என்று அதற்கு இன்னும் யாரும் சொல்லாதது போலத்தான் ஓடும். நின்றால் ஒரு பக்கம் சாயும், ஓடினால் மறுபக்கம் சாயும். ஆனாலும் மணலில் ஏறுவதற்குத் தூத்துக்குடி முழுக்கத் தேடினாலும் அதைப் போல இன்னொன்று கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வளன் தோணியில் இருந்தான். கப்பல் தூரக்கடலில் நிற்கும், தோணி போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். புது ஹார்பர் வந்தது, கப்பல் நேரே மேடைக்கு வந்து ஒட்டிக்கொண்டது. பாதித் தோணிகள் கரையேறி வெயிலில் வெடித்துக் கிடந்தன. வளன் டிரைவிங் படித்து ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் சேர்ந்தான். டெம்பரவரி. அவனுடைய பெர்மனன்ட் ஆர்டர் டைப் அடிக்கப்பட்டு மேனேஜர் சிவசுப்பிரமணியனின் மேஜை டிராயரில் பதினோரு மாதமாகக் கிடந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

தேரி சவாரி மேனேஜரின் மூளையில் உதித்தது. மேடையில் இடம் கிடைக்காமல் பத்து நாள், பதினைந்து நாள் காத்துக் கிடக்கிற கப்பல்களில் ஆபீசர்கள் கொட்டாவி விட்டே தாடை கழன்று போனார்கள். அவர்களை ஞாயிற்றுக்கிழமை ஏற்றிக்கொண்டு வந்து, தேரிக்குள் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு சுவர் வைத்து ஓடுகிற செம்மண் ஓடைகளில் சுற்றிக் காட்டி, பதநீர் கொடுத்துத் திரும்பக் கூட்டிப்போனால், அடுத்த தடவையும் கப்பல் இதே ஆபீசுக்குத்தான் வரும். இதுவரை ஒரு கேப்டனும் தவறவில்லை.

வழி காட்டுகிறவர் முத்துக்கனி. பனையேறி. காலையில் முப்பது பனை, சாயங்காலம் முப்பது பனை, நடுவில் ஜீப். ஜீப்புக்குப் பத்தடி முன்னால் வெறுங்காலோடு நடப்பார். நாலு எட்டுக்கு ஒருமுறை குதிங்காலால் தரையில் ஒரு தட்டு. மண் 'தம்' என்றால் போகலாம். 'தொம்' என்றால் நிற்க வேண்டும். ஏனென்றால் தேரி நகரும். காற்றுக் காலத்தில் மணல் நகர்ந்து வந்து கிணற்றை மூடப் பார்க்கும்போது, அந்தப் பக்கத்து ஆட்கள் கிணற்றைத் தூர்க்க மாட்டார்கள். வாயில் பனங்கட்டைகளை அடுக்கி, ஓலையைப் பரப்பிவிட்டுப் போவார்கள். என்றைக்காவது மணல் திரும்பிப் போனால் கிணறு அப்படியே கிடைக்குமே. மணல் திரும்பிப் போகாத கிணறுகள் எத்தனை என்று எவருக்கும் தெரியாது. மனிதன் நடந்தால் கட்டை தாங்கும். ஜீப்பைத் தாங்குமா என்பது முத்துக்கனியின் குதிங்காலுக்கு மட்டும் தெரியும்.

அன்றைக்கு மேனேஜரும் கூட வந்திருந்தார். அவர் சட்டைக்குப் போட்ட கஞ்சியை வடித்தால் ஒரு வீடு இரண்டு நாள் பசியாறும். கையில் ஒரு அட்டைப்பெட்டி.

"முத்துக்கனி, இதப் போடு. இன்னைக்கி வந்திருக்கவர் பெரிய கேப்டன். போன தடவை எடுத்த போட்டோ எல்லாத்துலயும் உன் காலுதான் தெரியுது. பாக்க நல்லாவா இருக்கு?"

பெட்டிக்குள் கறுப்பு பூட்ஸ். ஒவ்வொன்றிலும் ஒரு பூனை தாராளமாகக் குட்டி போடலாம்.

முத்துக்கனி அதை வாங்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தார். "சார், இதப் போட்டா மண்ணு எங்கிட்டப் பேசாதே."

"மண்ணு பேச வேண்டாம். நீயும் பேசாம நட."

கேப்டன் சிரித்தார், விஷயம் புரியாமலே. அவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆபீசர் காமிராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முத்துக்கனி வளனிடம் வந்தார். "டிரைவரே, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன். காத்து அடிச்ச அடியில ஓடையே எடம் மாறிக் கெடக்கு. போன வாரம் பாத்த எடம் எதுவும் இன்னைக்கி இல்ல."

வளன் டயரைப் பார்த்தான். இறக்க வேண்டிய காற்றெல்லாம் இறங்கியிருந்தது. ஆனாலும் குச்சியை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தான்.

"சும்மா ரெண்டு மணி நேரந்தான அண்ணாச்சி," என்றான் கடைசியில்.

முத்துக்கனி பூட்ஸை மாட்டினார். நடந்தபோது யாரோ பின்னாலிருந்து தன்னைத் தள்ளுகிற மாதிரி நடந்தார். "எம் பொஞ்சாதி பாத்தா போலீசு வந்துட்டுன்னு வீட்டப் பூட்டிருவா," என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

ஓடைக்குள் இறங்கியதும் காற்று நின்றுவிட்டது. மேலே மட்டும் அது ஓலமிட்டுக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் செம்மண் சுவர். சுவரிலிருந்து மணல் சரசரவென்று இடைவிடாமல் உதிர்ந்தது. கழுத்து வரை புதைந்த பனைகளின் கொண்டைகள் தரையோடு தரையாகச் செடி மாதிரி நின்றன. கேப்டன் எழுந்து நின்று படம் எடுத்தார். முத்துக்கனி நடந்தார், தட்டினார், நின்றார். மறுபடி தட்டினார். திரும்பி வளனைப் பார்த்தார். எப்போதும் பத்து எட்டுக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்து ஏதாவது கேலி சொல்கிறவர் அன்றைக்கு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டிரைவரே, ஒண்ணும் தெரிய மாட்டேங்கு."

"என்னவாம்?" என்றார் மேனேஜர்.

"மண்ணு சரியாத் தெரியலையாம் சார்."

"தெரியாம என்ன? ஒன்றரை வருசமா வாரோம். நேரம் போகுதுங்காரு கேப்டன். போகச் சொல்லு."

முத்துக்கனி குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். புதுக் கயிறு, முடிச்சு இறுகியிருந்தது.

"வளன், ஹாரன் அடி."

வளனின் கை ஸ்டியரிங் மேல் அப்படியே இருந்தது.

"அடிப்பா. காது கேக்கலையா?"

வளன் அடித்தான். ஓடைச் சுவர்கள் அந்தச் சத்தத்தை வாங்கி மூன்று தடவை திருப்பித் தந்தன. முத்துக்கனி பதறி நிமிர்ந்தார். அவிழ்ந்த கயிறு தரையில் இழுபட நடந்தார். ஜீப் அவர் முதுகை ஒட்டியே ஊர்ந்தது. ஆறு எட்டு. ஏழு.

கட்டை முறிகிற சத்தம் கேட்டது. ஜீப்பின் முன்பக்கம் தலைகுப்புறக் கும்பிட்டது. வளன் நெஞ்சில் ஸ்டியரிங் இடித்தது. தூசி அடங்கியபோது முத்துக்கனி கிணற்று வாயில் இடுப்பு வரை இறங்கியிருந்தார், உடைந்த பனங்கட்டைக்கும் ஜீப் பம்பருக்கும் நடுவில். அவர் கத்தவில்லை. மண்ணை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார், பிடித்துக்கொள்ள எதையோ தேடுகிறவர் போல.

கேப்டனும் ஆபீசரும் வளனும் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள். மேனேஜர் சற்றுத் தள்ளி நின்று, "மெதுவா, மெதுவா," என்றார்.

பெரியாஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

புதன்கிழமை மேனேஜர் வளனைக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு காகிதம் இருந்தது.

"படிக்கட்டுமா, நீயே படிக்கியா?"

வளன் படித்தான். வழியில் லிப்ட் கேட்டு ஏறிய அடையாளம் தெரியாத நபர், வண்டி ஓடும்போது எச்சரிக்கையை மீறி இறங்கியதில் விபத்து நேர்ந்தது என்று இருந்தது. கீழே டிரைவர் கையெழுத்துக்குக் கோடு.

"சார், ஒன்றரை வருசமா நம்மகூட வாராரு."

"அவன வேலைக்கி வச்சதுக்கு எங்கயாவது எழுத்து இருக்கா?"

"எழுத்து இல்ல சார்."

"வண்டி ஓட்டினது யாரு?"

"நாந்தான்."

"ஹாரன் அடிச்சது?"

மேனேஜர் இரண்டாவது காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தினார். பதினோரு மாதம் டிராயரில் கிடந்ததில் அதன் ஓரம் பழுத்திருந்தது. அவருடைய கையெழுத்து அன்றைக்கே போட்டது. மை இன்னும் காயவில்லை.

"ரெண்டுலயும் போட்டுரு. ஒண்ணு ஆபீசுக்கு, ஒண்ணு உனக்கு."

வளன் போட்டான். ஒரே பேனாவில்.

வீட்டில் அவன் மனைவி கிளாடிஸ் ஆர்டரை விளக்குப் பக்கம் கொண்டுபோய் மூன்று தடவை படித்தாள். "இஞ்சருங்க, நாளைக்கே மாதா கோயில்ல மெழுகுதிரி வைக்கணும். நம்ம ரெண்டு பேரும் சேந்து போவோம்," என்றாள். அவன் வேலை இருக்கிறது என்றான்.

விபத்து நடந்து ஆறாவது ஞாயிற்றுக்கிழமை வேறு கப்பல் வந்து காத்து நின்றது. "சவாரி இருக்கு. ஆளுக்குச் சொல்லியாச்சு," என்றார் மேனேஜர். ஜீப்புக்கு முன்பக்கம் புது பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆடிக் காற்று வழியெல்லாம் ரோட்டின் மேல் மணலை ஓடவிட்டது. தேரி ஓரத்தில் வழக்கமாக முத்துக்கனி நிற்கிற இடத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். கருகமணி, வெளிறிய கண்டாங்கிச் சேலை, வெறுங்கால்.

மேனேஜர் ஜீப்பிலிருந்தே சொன்னார். "முத்துக்கனி பொஞ்சாதி. செல்லக்கனி. ஆம்பளையள்ல ஒருத்தனும் வர மாட்டேன்னுட்டான். இவதான் எங்க வீட்டுக்கு நாலு நடை நடந்து வேலை கேட்டா. இருவது வருசமா இதே மண்ணுலதான் பதினிப் பானை சொமந்திருக்கா, தெரியாமலா இருக்கும்? சேலையில போட்டோவுக்கும் நல்லாருக்கும்."

வளன் டயர்ப் பக்கம் குனிந்தான். அவள் அவன் அருகில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி எப்படி இருக்காவ?" என்றான், தலையைத் தூக்காமல்.

"இருக்காவ. கட்டில்ல."

காற்று சீறியது.

"ஆஸ்பத்திரியில ஒரு காயிதம் வாசிச்சுக் காட்டுனாவ. லிப்டு கேட்டு ஏறுன ஆளுன்னு. நஷ்டஈடு கெடையாதுன்னுட்டாவ. அடியில போட்டிருக்க கையெழுத்து ஒங்களதான?"

வளன் குச்சியை எடுத்தான். அடுத்த டயருக்குப் போனான். அவளும் கூடவே வந்தாள்.

"அவிய நம்ப மாட்டேன்னாவ. டிரைவரு அப்படிப் போடமாட்டாருன்னு எங்கிட்டச் சண்ட." அவள் ஓடைப் பக்கம் பார்த்தாள். "சரி, வண்டிய எடுங்க. நா நடக்கேன். நா காலு வச்ச எடத்துலயே வாங்க."

ஓடைக்குள் காற்று நின்றது. பழைய கிணற்றை யாரோ கட்டையும் ஓலையும் போட்டு மறுபடி மூடிவிட்டதாகக் கேள்வி. அது எங்கே இருந்தது என்று வளனுக்கு அடையாளம் தெரியவில்லை. சுவர்கள் வேறு மாதிரி இருந்தன. பின்னால் ஆபீசர்கள் காமிராவைத் திருகினார்கள். செல்லக்கனி நடந்தாள், நின்றாள், குதிங்காலால் தட்டினாள், நடந்தாள். இருபது எட்டு, முப்பது எட்டு. ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வளன் அவள் பிடரியையே பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

ஓடை குறுகுகிற இடத்தில் அவள் நின்றாள். ஒரு தட்டு. இன்னொரு தட்டு. அதே இடத்தில் மூன்றாவது தட்டு. மண் 'தம்' என்றதா 'தொம்' என்றதா, இன்ஜின் சத்தத்தில் வளனுக்குக் கேட்கவில்லை. பிறகு இரண்டு எட்டு தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, வா என்று விரல்களை மடக்கினாள்.

வளன் கிளட்சை மிதித்தபடியே இருந்தான்.

"என்னப்பா, கூப்பிடுதால்ல," என்றார் மேனேஜர் பின்னாலிருந்து. "போ."

செல்லக்கனியின் கை இறங்கவில்லை. பொறுமையாக மடங்கி விரிந்தது, மடங்கி விரிந்தது. அவளுக்கும் ஜீப்புக்கும் நடுவில் இருந்த மண், அவள் தடத்தைத் தவிர, மற்ற மண்ணைப் போலவே மழமழவென்று கிடந்தது.