பழியெல்லாம் பூனைக்கு

மூச்சிழுப்போடு வந்த எங்கள் மகளின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, டாக்டர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "வீட்டுல பூனை, நாய் ஏதாவது வளர்க்கறீங்களா?"

அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "ஆமா டாக்டர், ஒரு பூனை இருக்கு. எந்நேரமும் பாப்பா மடியிலதான் கிடக்கும்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். டாக்டர், "கொஞ்ச நாள் தள்ளி வெச்சுப் பாருங்க" என்றார். மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போதே தன் அக்காவுக்குப் போன் போட்டு, சனிக்கிழமை சாயங்காலம் வந்து பூனையை எடுத்துப்போகச் சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நானும் அதே வரிசையில்தான் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

எங்களுக்குத் தொழில் சலவை. கீழே கடை, மேலே வீடு. எவரோ கொண்டுவந்து போட்ட அழுக்குத் துணிமூட்டைக்குள் தூங்கிக்கொண்டே வந்து சேர்ந்ததுதான் அந்தப் பூனை. அதனால் பெயரே மூட்டை. நாலாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் நடந்ததை எங்களிடம் சொல்கிறாளோ இல்லையோ, மூட்டையிடம் ஒன்று விடாமல் சொல்லிவிடுவாள். பூனை போகப்போகிறது என்றதும் அவள் தரையில் புரண்டு அழுதிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். "சரிப்பா" என்றாள்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் பூனை இவள் கழுத்தைச் சுற்றிக் கிடக்கிறது, ஒரு தும்மல் இல்லை. பள்ளிக்கூட வாசலில் காரைவிட்டு இறங்கும்போது மட்டும் நெஞ்சு விசிலடிக்கிறது. டாக்டரிடம் போன அன்றும் அப்படித்தான். வீட்டில் துள்ளிக்கொண்டிருந்தவள் பாதி வழியில் இழுக்க ஆரம்பித்தாள். காரில் முன்கண்ணாடி முழுக்க ஆவி படிந்து மங்கிக் கிடந்தது. காற்று வரும் துவாரத்தில் கையை வைத்தால், ஃபேனை முழு வேகத்தில் வைத்தும், நோயாளி விடும் மூச்சு மாதிரிதான் வந்தது. அதிலும் ஈரச்சாக்கு நாற்றம்.

"ஏங்க, கார்லதான் ஏதோ இருக்கு" என்றேன் அன்றைக்கே.

"கார்லயா? நல்லா சொன்னே போ. உள்ள காத்து வர்ற ஃபில்டரை என் கையாலயே க்ளீன் பண்ணி மாட்டியிருக்கேன். ஆஸ்பத்திரி பெட்ஷீட்கூட அவ்ளோ சுத்தமா இருக்காது."

அதற்கு மேல் அவரிடம் பேசுவது சுவரில் முட்டிக்கொள்வதற்குச் சமம். சனிக்கிழமை மத்தியானம் அவர் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். கார் என்றால் ஏறி உட்காருவதோடு சரி, பானெட்டைத் திறப்பது எப்படி என்றே போனில் ஒரு வீடியோ பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முன்கண்ணாடிக்கு அடியில், வைப்பர் படுத்திருக்கும் இடத்தில், பிளாஸ்டிக் கம்பி போட்டது மாதிரி ஒரு வாய் இருக்கிறது. வெளிக்காற்று அதன் வழியாகத்தான் காருக்குள் போக வேண்டும். அந்த வாயே தெரியவில்லை. மரத்தடியில் நிறுத்தாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன், கேட்டால்தானே! இலை, காம்பு, விதை எல்லாம் மழையில் ஊறி எருவாகிக் கிடந்தன. பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்துவந்து சுரண்டிச் சுரண்டி அள்ளினேன். நகத்துக்குள்ளெல்லாம் கறுப்பு. அள்ளி முடித்து ஃபேனைப் போட்டால், அதே செத்த மூச்சு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இன்னும் கொஞ்ச நேரத்தில் நாத்தனார் கூடையோடு வந்து நிற்பார், நான் இங்கே சேற்றை அளைந்துகொண்டிருக்கிறேன்.

அடுத்தது ஃபில்டர். அது முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் சின்னப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறதாம். பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்பக்கமாக அழுத்தினால் கழன்று வரும் என்று வீடியோவில் அந்த ஆள் சிரித்துக்கொண்டே சொன்னான். வந்ததா? வரவில்லை. அழுத்தினேன், திட்டினேன், முட்டியால் ஓர் இடி இடித்தேன். பொசுக்கென்று கழன்று மடியில் விழுந்தது. உள்ளே இருந்த மூடியைத் திறந்து ஃபில்டரை உருவினேன்.

காகிதத்தில் விசிறி மடிப்பு மடித்த பொருள் அது. தொளதொளவென்று இருக்க வேண்டாம், ஆனால் இது பலகை மாதிரி மொடமொடவென்று இருந்தது. ஒவ்வொரு மடிப்பும் கத்தி முனை. கல்யாணச் சட்டைக்குக்கூட இவர் இப்படி மடிப்பு எடுத்ததில்லை. மடிப்புகளின் உள்ளே மட்டும் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் பூத்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன், எனக்கே தொண்டை கமறியது.

அட கடவுளே! நேராகக் கடைக்குள் போய் இஸ்திரி மேஜைமேல் அதைப் போட்டேன்.

"இதை என்ன பண்ணீங்க?"

"துவைச்சேன்."

"காகிதத்தையா?"

"ஸ்கூல் தொறக்கறதுக்கு முன்னாடி துவைச்சேன். பாப்பாவுக்குத் தூசி ஆகாதேன்னுதான். தண்ணி பட்டதும் மடிப்பெல்லாம் தொங்கிப்போச்சு. அதான் லேசா கஞ்சி போட்டு, பெட்டி வெச்சுத் தேய்ச்சு..."

"கஞ்சி போட்டீங்களா! கஞ்சி அடைச்சுக்கிட்டா காத்து எதுல போகும்? ஈரம் பட்டா பூசணம் பிடிக்காம என்ன பிடிக்கும்? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்ட வேண்டியதைத் துவைச்சு, தேய்ச்சு, அந்தப் பூசணத்தைத் தினமும் குழந்தை மூஞ்சியில ஊதியிருக்கீங்க! பழியைத் தூக்கி வாயில்லாத ஜீவன்மேல போட்டாச்சு! உங்களுக்கெல்லாம் கண்ணுல கண்டதைத் துவைக்கலைன்னா கை நமநமங்குமா? நாளைக்கு என்னையும் முக்கிப் பிழிஞ்சு காயப்போடுவீங்களா?"

அவர் ஃபில்டரை எடுத்து, மடிப்பை விரலால் விரித்து உள்ளே பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. நான் நிறுத்தவில்லை. எத்தனை நாள் ஆத்திரம்!

நாத்தனார் எப்போது வந்தார் என்றே கவனிக்கவில்லை. வாசலில் நின்று, "என்னடா ரெண்டு பேரும் தெருவே கேக்கற மாதிரி... பூனை வருதா, வரலையா?" என்றார்.

"வரல அண்ணி. பூனை ஒரு பாவமும் பண்ணல. எல்லாம் உங்க தம்பி பண்ணின வேலை" என்றேன்.

மகள் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். மூட்டையை ஒரு துண்டில் சுற்றி, கொடுப்பதற்குத் தயாராக மடியில் வைத்திருந்தாள். ஓடிப்போய் அவள் முன் குந்தினேன்.

"கண்ணு, மூட்டை எங்கேயும் போகாது. உனக்குக் கார்ல ஏறினாத்தானே இழுக்குது?"

தலையாட்டினாள்.

"உனக்குத் தெரியுமா அது?"

"அப்பா அதைத் துவைச்சு மாட்டினதுலேர்ந்துதான் அந்த நாத்தம் வருதும்மா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அடிப்பாவி, அப்புறம் ஏன்டி சொல்லல? பூனையையே குடுத்துட இருந்தியே!"

அவள் பூனையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

"சொன்னா நீ அப்பாவைத் திட்டுவேல்ல. மூட்டைன்னா யாரும் திட்ட மாட்டீங்க, அத்தை வீட்டுக்குத்தானே அனுப்புவீங்க."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்து யாரைத் திட்டப்போகிறேன் என்று.