தொண்ணூற்றாறு வாங்கிய கை

என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் நாற்பதைத் தாண்டாத மனிதர், பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினார். மார்க் போட்டது ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த ரோபோ.

நாற்காலியில் உட்காரவைத்து, ரோபோவின் இரும்புக் கையோடு அவர் கையைப் பட்டை போட்டுக் கட்டுவார்கள். எதிரே திரையில் ஒரு பந்தும் கூடையும் தெரியும். கையை நீட்டி மணிக்கட்டைத் திருப்பினால் பந்து கூடையில் விழும். நோயாளியால் முடியாத இடத்தில் ரோபோ கைகொடுக்கும். பந்து விழுந்தால் ஒரு இசை, ‘அருமை’ என்று ஒரு பாராட்டு.

மூன்றே வாரத்தில் தொண்ணூற்றாறு. பயிற்சி கொடுக்கும் பெண் கைதட்டினாள். துறைத் தலைவர் அவருடைய மார்க் ஏறிய வரைபடத்தை அச்செடுத்து வராந்தாவில் ஒட்டினார். வீட்டிலோ சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். வலது கையில் டம்ளரைக் கொடுத்தால் அது தரைக்குப் போய்ச் சேர்ந்தது. தலைவரிடம் சொன்னேன். வீட்டுச் சூழல் சரியில்லை என்றார்.

ஒரு வியாழக்கிழமை பயிற்சியின் நடுவே இவர் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். பந்து தன் பாட்டுக்குக் கூடையில் விழுந்துகொண்டே இருந்தது. அன்றைக்குத் தொண்ணூற்றெட்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலுக்கி எழுப்பினேன்.

“நீங்க கையை அசைக்கவே இல்லையா?”

“அதுதான் ஓட்டுதே. ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் ஸ்டியரிங்ல கை வைக்கலாமா? வண்டி பள்ளத்துல போயிடும்.”

தப்பு செய்த முகமே இல்லை. மூன்று வாரமாக மனிதர் ஒழுங்காகப் பயணம் செய்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் ஒரு படிவத்தோடு வந்தார். “பூரண குணம். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம், உங்க இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு. இங்க ஒரு கையெழுத்து போடுங்க.”

வலது கையில் பேனா நிற்கவில்லை. கீழே விழுந்து உருண்டது. தலைவர் குனிந்து எடுத்து, இடது கையில் வைத்தார்.

“பரவாயில்ல, இதுல போடுங்க.”

நான் படிவத்தைப் பிடுங்கிக்கொண்டேன். இந்தக் கையோடு அனுப்பிவிட்டால் அது அப்படியே தொங்கிப்போய்விடும் என்ற பயம் எனக்கு.

“ரோபோவோட உதவியை நிறுத்திட்டு ஒரே ஒரு தடவை பயிற்சி வைங்க.”

பயிற்சிப் பெண் உதவியைக் குறைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடினாள். ரோபோவைப் பொருத்தியவர்கள் உதவியை முழு அளவில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கெட்டுப்போகுமோ என்று பயந்து யாரும் அதைத் தொடவில்லை. அவள் பூஜ்யத்துக்கு இறக்கினாள்.

இவர் வழக்கம்போலக் காத்திருந்தார்.

“அது ஓட்டாது. இப்ப வண்டி உங்க கையில,” என்றேன்.

கழுத்து நரம்பு புடைத்தது. அந்த நாற்காலியில் முதல் முறையாக அவருக்கு வியர்த்தது. மணிக்கட்டு ஒரு தீக்குச்சி அகலம் திரும்பியது. பந்து லேசாக ஆடி நின்றது. திரையில் மூன்று என்று வந்தது. இசை இல்லை.

“மெஷின்ல ஏதோ கோளாறு,” என்றார் தலைவர்.

“மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு,” என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

தலைவர் வராந்தாப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு கோப்பில் எழுதினார்: ‘நோயாளிக்குத் திடீர்ப் பின்னடைவு. பயிற்சி தொடரலாம்.’ புருஷனுக்குப் பின்னடைவு என்று படித்து வயிறு குளிர்ந்த ஒரே மனைவி நானாகத்தான் இருப்பேன்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் டிரைவரின் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“மூணுதானா?”

“மூணுதான்.”

“ஆனா நான் ஓட்டினது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடிக்க வலது கையை மடியிலிருந்து நகர்த்தினார். பாதி வழியில் அது நின்றுவிட்டது. தூக்கிவிட நான் கையை நீட்டினேன்.

“கை வைக்காத,” என்றார்.