குகைச் சுவர் நடுங்கியதைப் பார்த்தவன்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. இனி எழுதுவதில்லை என்று முடிவு செய்து, அந்த முடிவை விளக்கி ஒரு கட்டுரை எழுதி, அதைத் தட்டச்சு செய்யக் கொடுக்கத்தான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். போன இடத்தில் ஒரு சுவர் நடுங்குவதைப் பார்த்துவிட்டேன். கட்டுரை அப்படியே கிடக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மீமிசல் கடற்கரையில் அன்று அலைகள் சோர்ந்து

(கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சோர்ந்திருந்தது நான். கோடு போட்டுவிட்டேன்.)

பிறகு இப்படி:

ரிஃபானாவுக்கு மெலிந்த உடல், சோகம் ததும்பும்

[மாமா, நான் ஒண்ணும் மெலிசு இல்ல. — ரிஃபானா]

(என் கையெழுத்தைத் தாள் தாளாக வாங்கி, கோடு போட்டதையும் விடாமல் தட்டச்சு செய்து காட்டுபவள் அவள்தான். சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள் பேச்சு. நான் அனுமதி கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.)

2

பக்கத்து வீட்டு ராபியா எனக்குச் சின்னம்மா மகள்; அண்ணனைக் காக்கா என்பது எங்கள் வழக்கம். அவள் மகன் சிராஜ் ஷார்ஜாவில் இருக்கிறான். சிராஜின் மனைவி ரிஃபானா. சென்னையில் ஒரு கம்பெனி செய்யும் வீடியோ கேம்களை, அவை வெளிவரும் முன்பே வீட்டிலிருந்து விளையாடிப் பார்த்துக் குறை சொல்வது அவள் வேலை.

“குறை சொல்றதுக்குச் சம்பளமாம் காக்கா,” என்றாள் ராபியா என்னிடம். “நான் இவ்வளவு காலமாச் சும்மாவே சொல்லிக்கிட்டுக் கெடந்துட்டேன்.”

அந்த வேலைக்காக சிராஜ் ஓஎல்இடி மானிட்டர் என்று ஒரு புது வகைக் கம்ப்யூட்டர் திரையைக் கொடுத்தனுப்பினான். கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. முதல் நாள் அதில் ஓர் இருட்டுக் காட்சியைப் போட்டதும் கொல்லையில் மேய்ந்த கோழிகள் அடைய வந்துவிட்டன. (இதை நம்பவேண்டாம். இனிமேல் சொல்வதை நம்புங்கள்.)

விளையாட்டில் படங்கள் ஒரே வேகத்தில் வருவதில்லை. ஓட்டமும் சண்டையும் கூடினால் கம்ப்யூட்டர் திணறும், படம் தாமதமாகும். அந்த வேகத்துக்குத் தக்கபடி திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. நம் ஊர் மீன் ஏலத்தில் கூடை வருகிற வேகத்துக்கு ஏலக்காரர் கூவுவாரே, அது மாதிரி. கூடை சீராக வந்தால் குரலும் சீராக இருக்கும். மொத்தமாக வந்து குவிந்து, பிறகு வராமல் நின்றால் குரல் ஏறி இறங்கும். இந்தத் திரையில் ஏறி இறங்குவது வெளிச்சம். அதுவும் இருண்ட சாம்பல் நிறங்களில்தான் நன்றாகத் தெரியும். வசதியை அணைத்தால் நடுக்கம் நின்றுவிடும். ஆனால் படம் குறுக்கே வெட்டுப்பட்டுத் தெரியும். அணைக்கக் கூடாது என்பது கம்பெனியின் கட்டளை.

[சரியாத்தான் எழுதியிருக்கீங்க மாமா. — ரிஃபானா]

3

“நடுங்குது மாமி.”

“ஒனக்கு நடுங்குது. எனக்கு நடுங்கலயே.”

இதுதான் அந்த வீட்டில் தகராறு. மகன் அனுப்பிய சாமானில் கோளாறு இருக்க முடியாது, ஆகவே கோளாறு மருமகள் கண்ணில் என்பது ராபியாவின் கணக்கு. புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். டாக்டர், கண்ணில் ஒன்றுமில்லை என்றார். “கண்ணு நல்லாத்தான் இருக்கு. பார்வைதான் சரியில்ல,” என்று ராபியா திரும்பி வந்தாள்.

ரிஃபானா செல்போனில் படம் எடுத்து சிராஜுக்கு அனுப்பினாள். “செல்லுல எடுத்தா எல்லா டிவியும்தான் நடுங்கும்,” என்று அவன் பதில் சொன்னான். கெட்டவன் இல்லை. பயந்தவன். “வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுக முடிஞ்சு கூப்புடுறேன். உம்மா பாத்து நடுங்குதுன்னு சொன்னா, மாத்தித் தர்றேன். இல்லன்னா இந்த வேலைய விட்டுரு. கண்ணு போனா வாங்கித் தர எனக்குக் கடை தெரியாது.”

நான் இதை எழுதுவது வியாழக்கிழமை.

4

ராபியா ஏன் பார்க்கவில்லை?

அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் ரிஃபானா எழுந்துவிடுவாள். விளையாட்டை நிறுத்தி, முக்காட்டை இழுத்துவிட்டு, மாமிக்குப் பிடித்த மக்கத்துப் பள்ளிவாசல் நேரலையைப் போடுவாள். அந்தப் படம் ஒரே வேகத்தில் வருவது. துளியும் நடுங்காது. “மாஷா அல்லாஹ், என்ன தெளிவு!” என்பாள் ராபியா. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இதே மரியாதை, இதே தெளிவு.

விளையாட்டை நிறுத்தாமல் எழுந்தாலும் பிரயோசனமில்லை. அதில் இருக்கிற ஆள் நின்றுவிட்டால் படமும் நிதானத்துக்கு வந்துவிடும். அவன் ஓடவேண்டும். அவன் ஓடவேண்டுமானால் இவள் மாமியாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும்.

“இது தெரியாமலா இருக்கே?” என்று கேட்டேன்.

“தெரியும் மாமா. எந்திரிக்கக் கூடாதுன்னுதான் உட்காந்திருப்பேன். காலு எந்திரிச்சிருது.”

5

நான் எப்படிப் பார்த்தேன் என்றால், எனக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அவள் காதில் ஹெட்போன் இருந்தது. கட்டுரையோடு பின்னால் போய் நின்றேன். திரையில் ஒருவன் தீப்பந்தத்தோடு குகைக்குள் ஓடிக்கொண்டிருந்தான். குகைச் சுவர், காற்றில் விளக்குத் திரி மாதிரி, வெளுத்து வெளுத்து அடங்கியது.

நேரே ராபியாவிடம் போய்ச் சொன்னேன்.

“காக்கா, போன வருசம் ஒரு திருக்கை மீனு ஒங்கள முதுகுல ஏத்திக்கிட்டுக் கோட்டைப்பட்டினம் வரைக்கும் போச்சுன்னு சொன்னீங்க.”

“போச்சு.”

“எறங்காமத் தூங்கிட்டேன்னீங்க.”

“அசதியா இருந்துச்சு.”

“இப்பச் சொவரு நடுங்குதாக்கும். போங்க காக்கா, டீ ஆறுது.”

என் சாட்சி அவ்வளவுதான் பெறும்.

6

ஆகவே முடிவு.

முதல் முடிவு: வெள்ளிக்கிழமை ராபியா வருகிறாள். ரிஃபானா எழுந்திருக்கவில்லை. சுவர் நடுங்குகிறது. ராபியா அதைப் பார்த்து

(பார்க்கமாட்டாள். எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நாற்காலியைத்தான் பார்க்கிறாள். “நான் வந்து நிக்கிறேன், இவ குந்தியிருக்கா” என்கிறாள். அதற்குமேல் பேனா நகரமாட்டேன் என்கிறது.)

இரண்டாவது முடிவு: எழுந்துவிடுகிறாள். மக்கத்து நேரலை. தெளிவு. சிராஜின் போன் வருகிறது. வேலை போகிறது. பத்திரமான கண்களோடு ரிஃபானா

[இது வேணாம் மாமா. — ரிஃபானா]

(எனக்கும் வேண்டாம். கிழித்துவிட்டேன்.)

மூன்றாவதில் நானே உள்ளே புகுந்து, நடுங்குகிறது, அல்லாவுக்காக ஒரு நிமிடம் திரையைப் பார் என்று கத்துகிறேன். அதோடு எல்லாம் நாசம். நான் பார்த்தேன் என்று சொன்ன பிறகு, இருக்கிற சுவரே இல்லாமல் போய்விடும்.

எனக்கு அசதியாக இருக்கிறது. வாசகரே, முடிவை உங்களிடம் கொடுக்கிறேன். ஊரில் உங்களைப் பற்றி இன்னும் கெட்ட பெயர் இல்லை. நீங்கள் சொன்னால் ராபியா கேட்கக்கூடும். ஆனால் உங்களுக்கு முன்னால் இதைப் படிக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவள் காலுக்கு நான் உத்தரவு போட முடியாது. இத்துடன் நிறுத்துகி

[மாமா, மாமி இப்ப உள்ள வந்து நிக்கிறாங்க. யாருக்கு டைப் அடிக்கிறேன்னு கேக்குறாங்க. நான் உட்காந்துக்கிட்டேதான் அடிக்கிறேன். — ரிஃபானா]